சாவியை எடுத்தாலும் எரிய வேண்டிய விளக்கு

உபதேசியார் வியாகுலத்திடம் கேள்வி கேட்காமல் ஜெசிந்தாவால் இருக்க முடியாது. ஒரு கேள்விக்காவது அவர் நேராகப் பதில் சொன்னதாகவும் சரித்திரம் கிடையாது.

பங்குச் சாமியார் இல்லாத நாட்களில் கோயிலில் ஜெபம் நடத்துகிறவர், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுக்கிறவர், செத்த வீட்டில் முதல் ஆளாய் வந்து நிற்கிறவர்தான் உபதேசியார். குருமடத்தில் படித்து, பட்டம் வாங்குவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டவர். ஜெசிந்தாவைவிட இளையவர். ஆனாலும் கணவர் சூசை போன பிறகு அவள் போய் உட்கார்ந்தது அவருடைய வேதாகம வகுப்பில்தான். மற்ற பெண்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இவள் எல்லோரும் போன பிறகு நின்று மல்லுக்கட்டுவாள். கான்வென்டில் படித்தபோதே மதரிடம் எதிர்க்கேள்வி கேட்டு வெயிலில் முட்டி போட்டவள். வயது ஏறியதே தவிர வாய் குறையவில்லை.

வேளாங்கண்ணிக்கு நடக்கிற ஆகஸ்ட் மாதம் வந்தது. திருச்சியிலிருந்து அவர்கள் கோயில் கூட்டம் வருஷா வருஷம் காவி கட்டிக்கொண்டு நடக்கும். பின்னால் டொமினிக்கின் வேன் மூட்டை முடிச்சுகளோடு ஊர்ந்து வரும். வேனின் டாஷ்போர்டுமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் மாதா சுரூபம். அதற்கு முன்னால் ஒரு குட்டி பல்பு. பல்பின் வயர் டாஷ்போர்டு சாக்கெட்டில் செருகியிருக்கும்.

சூசை போன பிறகு ஜெசிந்தா நடக்கப் போனதில்லை. இந்த வருஷம் பெயர் கொடுத்தாள். கொடுத்த கையோடு வேனை ஏறிப் பார்த்தாள். பார்த்ததுமே குறை கண்டுபிடித்துவிட்டாள். டொமினிக் சாவியை எடுத்ததும் பல்பு செத்துப்போனது.

"என்னடா இது?"

"சாவி போட்டாத்தான் பெரியம்மா சாக்கெட்ல கரண்ட் வரும்."

"அப்போ நீ டீ குடிக்க இறங்கினா மாதா இருட்டுல உட்கார்ந்திருக்கணுமா?"

அப்படி யாரும் இதுவரை கேட்டதில்லை என்று டொமினிக் சொன்னான். அவள் அவனையும் வேனையும் கிளப்பிக்கொண்டு பாலக்கரை மஸ்தானின் பட்டறைக்குப் போனாள். வழியில் கண்ணில் பட்ட பாவத்துக்கு உபதேசியாரும் ஏற வேண்டியதாயிற்று.

மஸ்தான் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தான். சாவி லைனில் கோத்திருப்பதே ஒரு பாதுகாப்புக்குத்தான். எதையாவது மாட்டிவிட்டு மறந்து போனால் பேட்டரி இறங்கிவிடும், காலையில் வண்டி கிளம்பாது.

"மறக்கிற மூஞ்சியா இது?" என்றாள் ஜெசிந்தா.

மஸ்தான் அந்த மூஞ்சியை ஒரு தடவை பார்த்தான். பேசாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.

பலகையைக் கழற்றி, சாக்கெட்டுக்குப் பின்னால் வந்த பழைய வயரை வெட்டி, சீட்டுக்குக் கீழே இருந்த பேட்டரியிலிருந்து நேராக ஒரு சிவப்பு வயரை இழுத்தான். நடுவில் ஃப்யூஸ் வைத்தான். ஒரு சாக்கெட்டை மட்டும் மாற்றித் தருகிறேன், இன்னொன்று சாவியோடு இருக்கட்டும் என்றான். இரண்டையும் மாற்று என்றாள். ஒன்று மக்கர் பண்ணினால் இன்னொன்றில் மாட்டிக்கொள்ளலாமே.

வேலை முடிந்தது. சாவி டொமினிக்கின் விரலில் ஆடிக்கொண்டிருந்தது. பல்பு எரிந்தது.

ஜெசிந்தா உபதேசியார் பக்கம் திரும்பினாள். பாராட்டை எதிர்பார்க்கிறவள் மாதிரித் தெரியாமல் இருக்க முகத்தைக் கொஞ்சம் சுளித்துக்கொண்டாள்.

"நல்லா எரியுது அக்கா," என்றார் அவர்.

"இனிமே அணையாதில்ல?"

"பல்பே போயிட்டா?"

"கூட ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன்."

"அதுவும் போயிட்டா?"

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா உபதேசியாரே?"

அவர் சிரித்துவிட்டு இறங்கி நடந்தார்.

அவளுடைய பயம் இதுதான். மகள் அனிட்டா ஓசூரில் இருக்கிறாள். வயிற்றில் ஏழாம் மாதம். முன்னால் இரண்டு முறை உண்டாகி, இரண்டும் நிலைக்கவில்லை. இந்த முறை ஜெசிந்தா மாதாவிடம் ஒப்பந்தம் போட்டுவிட்டாள். கோயிலிலிருந்து வேளாங்கண்ணி வரை விளக்கு அணையாமல் வந்து சேர்ந்தால் பிள்ளையும் நல்லபடி வந்து சேரும். அணைந்தால் என்ன என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு தடவை அணைந்ததைத்தான் அவள் பார்த்திருக்கிறாளே.

அந்தக் காலத்தில் பல்பு கிடையாது. அரிக்கேன் விளக்குதான். பீடத்து மெழுகுவத்தியிலிருந்து கொளுத்தி, அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் ஒரு ஆள் நடப்பார். அந்த ஆள் சூசை. கல்யாணமான வருஷம் தொடங்கி வேறு யாருக்கும் அவர் அந்த விளக்கைக் கொடுத்ததில்லை. அதற்கென்று ஒரு விதியும் இருந்தது. விளக்கு அணைந்தால் தீப்பெட்டி உரசக் கூடாது. பக்கத்தில் எந்த வீடு இருக்கிறதோ, யார் வீடாக இருந்தாலும், போய்த் தீ கேட்டு வாங்கி ஏற்ற வேண்டும். ஜெசிந்தாவுக்கு விதி தெரியும். பஸ்ஸில் 'அவசர வழி' என்று எழுதியிருப்பது எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

பெண்கள் கடைசியில் நடப்பார்கள். கொடி எங்கே, விளக்கு எங்கே, ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. முன்னால் பாடும் பாட்டு பின்னால் வந்து சேர்வதற்குள் முன்னால் அடுத்த பாட்டு தொடங்கியிருக்கும். இரண்டையும் கலந்து பாடிக்கொண்டு போவார்கள். திடீர் திடீரென்று ஊர்வலம் நிற்கும். எதற்கென்று யாரும் கேட்டதில்லை. நின்றதே பெரிது. மதகுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொள்வார்கள். அனிட்டா மடியில் தூங்கும். வாய்க்காலில் முகம் கழுவிக்கொண்டு மாமியார்களை ஒரு பிடி பிடிப்பார்கள். சில சமயம் முன்னாலிருந்து கொய்யாப்பழம் கைமாறிக் கைமாறி வரும். "சூசையண்ணன் ஜெசிந்தாக்காவுக்குக் குடுத்துவிட்டாரு" என்று ஒவ்வொரு கையும் சொல்லிச் சொல்லிக் கொடுக்கும். வந்து சேர்வதற்குள் பாதி கடிபட்டிருக்கும். இவர் எந்தக் கடையில் வாங்கினார் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அந்த மாதிரி கொய்யாப்பழம் அதற்குப் பிறகு எந்த மார்க்கெட்டிலும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் சூசைக்கு இருமல் வந்தது. அந்த வருஷம் அவரால் விளக்கைத் தூக்க முடியவில்லை. வேனில் உட்கார வைத்தார்கள். விளக்கை வியாகுலம் வாங்கிக்கொண்டார். சூசை பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதற்காக ஜெசிந்தாவும் முன்னால் வந்து நடந்தாள். நீடாமங்கலம் தாண்டி ஒரு ஆற்றுப் பாலம். பாலத்தின் நடுவில் ஒரு காற்று. அவள் கண் முன்னால் விளக்கு அணைந்தது.

வேனுக்குள் பார்த்தாள். சூசை சிரித்துக்கொண்டிருந்தார். "அணைஞ்சிருச்சா?" என்றார். வியாகுலம் ஓடிப் போய் எங்கிருந்தோ தீ வாங்கி வந்தார். ஊர்வலம் கிளம்பியது. கிறிஸ்துமஸ் வருவதற்குள் சூசை போய்விட்டார்.

அந்தச் சிரிப்பை அவள் இன்றுவரை அவருக்கு மன்னிக்கவில்லை.

நடைபயணம் தொடங்கியது. இப்போது எல்லாம் திட்டப்படி. எங்கே காபி, எங்கே மோர், எங்கே படுக்கை எல்லாம் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. சும்மா நிற்பது என்பது கிடையாது. ஜெசிந்தா பெண்களோடு நடக்கவில்லை. வேனுக்குப் பக்கவாட்டில், கண்ணாடி வழியாகப் பல்பு தெரிகிற தூரத்தில், காவலுக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள்.

சாக்கெட்டில் எப்போதும் கரண்ட் இருக்கிறது என்ற செய்தி பரவ அதிக நேரமாகவில்லை. வேன் நிற்கிற இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் போனையும் வயரையும் தூக்கிக்கொண்டு வருவார். ஒருத்தி குட்டி ஃபேனைக் கொண்டு வந்தாள். ஜெசிந்தா போட்ட சத்தத்தில் அந்தப் பெண் மறுபடி வேன் பக்கம் தலை வைக்கவில்லை. இரண்டாவது சாக்கெட் காலியாகவே கிடந்தது. தன் போனைக்கூட அவள் அதில் மாட்டவில்லை. சாப்பாட்டை வேன் படியில் வைத்துச் சாப்பிட்டாள். தூக்கம் வேன் சீட்டில். கண்ணைத் திறக்கும்போதெல்லாம் பல்பைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வாள்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் மகளுக்கு ஒரு செய்தி போகும். 'விளக்கு எரிகிறது.' வேறு ஒரு வார்த்தை இருக்காது. சாப்பிட்டாயா, கால் வீக்கம் எப்படி, ஒன்றும் கிடையாது.

தஞ்சாவூரைத் தாண்டி ஒரு மதியம். வெயிலுக்காகக் கூட்டம் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் படுத்திருந்தது. ஜெசிந்தா சீட்டில் சாய்ந்தவள் அசந்துபோனாள். மடியில் போன் அடித்தது. அவள் எழவில்லை. பக்கத்தில் நின்றிருந்த உபதேசியார் எடுத்தார்.

எடுத்ததும் எதிர்முனை முதலில் கேட்டது ஒன்றுதான். அம்மாவின் செய்தி ஏன் இன்னும் வரவில்லை, விளக்கு எரிகிறதா?

எரிகிறது என்றார். மறுமுனையில் அனிட்டா அழுகிற குரல் கேட்டது. போன் டிங் என்று அடித்தாலே வயிறு இழுத்துப் பிடிக்கிறதாம். டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்கிறாராம். ஆனால் விளக்கு இருக்கிறதே.

"மாமா, அது அணைஞ்சா மட்டும் என்கிட்ட சொல்ல வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க."

ஜெசிந்தா கண் விழித்தபோது போன் மடியில் இருந்தது. பேசியது யார், பேசியது என்ன, எல்லாவற்றையும் அவர் சொன்னார். அவள் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

"செய்தி அனுப்ப நேரமாயிருச்சா?" என்று பதறிப் போனைத் தட்டினாள். 'விளக்கு எரிகிறது.'

உபதேசியார் குனிந்து சீட்டுக்கு அடியில் எதையோ தேடிப் பார்த்தார்.

மறுநாள் நீடாமங்கலத்தைத் தாண்டினார்கள். பாலத்தைத் தாண்டியதும் டொமினிக்கிடம் வண்டியை ஒரு புங்கமரத்தடியில் ஓரம் கட்டச் சொன்னார் உபதேசியார். திட்டத்தில் இல்லாத நிறுத்தம். கூட்டம் வியந்துகொண்டே உட்கார்ந்தது.

ஜெசிந்தாவுக்கு அந்தப் பாலம் தெரியும். அதைக் கடக்கும்போது கண்ணாடியிலிருந்து அவள் கண்ணை எடுக்கவே இல்லை. பல்பு அசையாமல் எரிந்தது. வெளியே காற்று ஊ ஊ என்று அடித்தது, அடித்துவிட்டுப் போகட்டும். வேன் நின்றதும் அவள் மூச்சை விட்டாள். பல வருஷங்களாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு.

"பார்த்தீங்களா உபதேசியாரே," என்றாள். "காத்து என்ன பண்ண முடிஞ்சுது? அன்னிக்கே இப்படி ஒரு வயர் இருந்திருந்தா அவர் இருந்திருப்பார். இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்."

உபதேசியார் வேனுக்குள் ஏறினார். டாஷ்போர்டுக்கு முன்னால் குனிந்து சிலுவை போட்டுக்கொண்டார். சாக்கெட்டிலிருந்து பல்பின் வயரைப் பிடுங்கினார்.

மாதா சுரூபம் மங்கியது.

ஜெசிந்தாவின் வாயிலிருந்து வார்த்தை வரவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அதுவே பயமாக இருந்தது. டொமினிக் இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

"நீ மனுஷனா?" என்றாள் கடைசியில். வழக்கமான 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது.

அவர் சீட்டுக்கு அடியிலிருந்து பழைய அரிக்கேன் விளக்கை எடுத்தார். சேலை மூட்டைக்கும் அரிசிப் பைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. புகை படிந்த கண்ணாடியைத் தன் காவித் துண்டால் துடைத்தார்.

"விதி தெரியுமில்ல அக்கா. தீப்பெட்டி உரசக் கூடாது."

"என் பிள்ளை வயித்துல—"

"அதோ அந்த ஓட்டு வீடு. போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்க."

வயரைத் தானே திரும்பச் செருகிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். செருகினால் எரியும். ஆனால் அணைந்தது அணைந்ததுதானே. கணக்கில் மகளை ஏமாற்றலாம், மாதாவை ஏமாற்ற முடியுமா? விளக்கை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நடந்தாள். திரும்பி வந்து அவரை என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே போனாள். அழுகை வந்தது. அதையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு போனால் கொல்லைப் பக்கம் ஒரு பெண் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜெசிந்தாவின் வயதுதான் இருக்கும்.

தீ வேண்டும் என்று சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியாது. சர்க்கரை கடன் கேட்டுக்கூட ஒரு வாசலில் நின்றவள் இல்லை அவள். விளக்கைத் தூக்கிக் காட்டினாள். "வேளாங்கண்ணிக்குப் போறோம். இது... அணைஞ்சுபோச்சு."

அந்தப் பெண் வாழைப்பூவைக் கீழே வைத்தாள்.

"அடியாத்தீ. இன்னும் நடக்கிறீங்களா நீங்க? வேன்ல பாட்டைப் போட்டுக்கிட்டு நிக்காமலே போறாங்களே, இனிமே இந்தப் பக்கம் யாரும் வர மாட்டாங்கன்னுல்ல நினைச்சேன். எங்கே அந்த அண்ணன்?"

"எந்த அண்ணன்?"

"உசரமா, தோள்ல துண்டும் கையில விளக்குமா வருவாரே. பாலத்துக் காத்து எந்த விளக்கை விட்டுச்சு? வருஷா வருஷம் எங்க வாசல்ல வந்து நிப்பாரு. 'தையல்நாயகி, மாதா குளிருதுன்னு சொல்றா, கொஞ்சம் தீ குடு'ம்பாரு. தீயை வாங்கிக்கிட்டுச் சும்மாவும் போக மாட்டாரு. கொல்லையில கொய்யா பறிச்சிக்கிட்டுதான் போவாரு. கேட்டா, பொண்டாட்டி கடைசியில வர்றா, அவளுக்கும்பாரு." தையல்நாயகி அடுப்பைப் பற்றவைக்க எழுந்தாள். "பாவி மனுஷன், ஒரு வருஷம்கூட அவளைக் கண்ணுல காட்டினதில்ல. அவ்வளவு கோவக்காரியாமே?"

ஜெசிந்தா விளக்கைத் தரையில் வைத்தாள்.

கேஸ் அடுப்பில் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை நீட்டிப் பற்றவைத்துக்கொண்டு வந்தாள் தையல்நாயகி. ஜெசிந்தா கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தாள். திரி பிடித்துக்கொண்டது.

அந்தக் கோபக்காரி நான்தான் என்று சொன்னாள். அவர் இப்போது இல்லை என்றும் சொன்னாள். தையல்நாயகி கொல்லைக்குப் போய்விட்டு வந்தாள். ஜெசிந்தாவின் முந்தானையை அவளே விரித்துக் கொய்யாப்பழங்களைக் கொட்டி முடிச்சுப் போட்டாள்.

திரும்பி வரும்போது வழியில் அடுக்கி வைத்திருந்த வசவு ஒன்றுகூட ஜெசிந்தாவுக்கு நினைவில் இல்லை. ஒரு கையில் விளக்கு, இடுப்பில் பாரம். காற்று வந்தபோது உடம்பைத் திருப்பி மறைத்துக்கொண்டாள். அப்படித் திரும்பி நடக்கும்போது முதுகு வலித்தது. இந்த வலியோடு சூசை எத்தனை மைல் நடந்திருப்பார்.

உபதேசியார் மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவள் விளக்கை அவர் முன்னால் வைத்தாள். தானும் தரையில் உட்கார்ந்தாள்.

"இங்கே வருஷா வருஷம் அணையுமா?"

"இங்கே மட்டுமா அக்கா? வல்லத்து மேட்டுல அணையும். அம்மாபேட்டை கடைத்தெருவுல ஒரு பாய் வீடு உண்டு. கீவளூர்ல டீக்கடை. மழை வந்த வருஷம் அணையாத ஊரே கிடையாது."

நின்ற ஊர்வலங்கள் அவள் கண்ணுக்குள் ஒவ்வொன்றாக வந்தன. மதகுச் சுவர். மடியில் தூங்கும் குழந்தை. கைமாறி வரும் பழம்.

"எனக்கு ஏன் யாரும் சொல்லலை?"

"சொல்ற அளவுக்கு அதுல என்ன இருக்கு? அணையும். அண்ணன் போய் வாங்கிட்டு வருவாரு. நடப்போம்."

அவள் கொஞ்ச நேரம் தரையைக் கீறிக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"அப்போ அந்த வருஷம்? அந்த வருஷம் அணைஞ்சதுக்கு என்ன அர்த்தம் உபதேசியாரே?"

"அந்த வருஷம் நீங்க முன்னால வந்து நடந்தீங்க, அக்கா."

புங்கமரத்தில் காற்று இருந்தது. விளக்கு ஒரு தடவை குனிந்து எழுந்தது. ஜெசிந்தா அதைப் பிடிக்கக் கை நீட்டவில்லை.

போன் அடித்தது. அனிட்டா. ஜெசிந்தா அதைக் கையில் வைத்துக்கொண்டு உபதேசியாரைப் பார்த்தாள்.

"எரியுதான்னு கேப்பா. என்ன சொல்லட்டும்?"

அவர் அவள் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து, துண்டில் துடைத்தார்.

"அணைஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க," என்றார். "அவ அப்பா தீ கேட்டுப் போன வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்னு சொல்லுங்க."